கிறிஸ்தவக் காதல் நாவல் எழுதப் புகுவோருக்கு

நம் சங்க நூலகத்தில் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலையில் எழுத்தார்வமுள்ள அன்பர்கள் எட்டுப் பத்துப் பேர் கூடுவது வழக்கம். சென்ற கூட்டத்தில் ஓர் இளம் பெண் என்னிடம் கேட்டாள்: "அங்கிள், கிறிஸ்தவக் குடும்பப் பின்னணியில் ஒரு காதல் நாவல் எழுத ஆசை. எங்கள் போதகர் படித்தால் முகம் சுளிக்கக் கூடாது. என் தோழிகள் படித்தால் கொட்டாவி விடக் கூடாது. எப்படி எழுதுவது?"

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. அன்று நேரமின்மையால் நான் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதும்படி ஆசிரியர் குழு அன்புக் கட்டளை இட்டிருக்கிறது.

நான் தமிழ்ப் பேராசிரியன் அல்லன். சிவில் டிப்ளமோ முடித்து, 1981-இல் ரயில்வேயில் சேர்ந்து, நாக்பூர்ப் பக்கத்துப் பாதைகளில் தண்டவாளப் பராமரிப்பு வேலை பார்த்து 2018-இல் ஓய்வு பெற்றவன். இந்தக் கட்டுரையை எழுத எனக்குள்ள ஒரே தகுதி, இதே வகையில் ஒரு நாவலை எழுதித் தோற்றிருக்கிறேன் என்பதுதான். வண்டி தடம் புரண்ட இடத்தை நாடா பிடித்து அளந்து பார்த்தவனுக்குக் கோளாறு எங்கே என்று கொஞ்சமாவது தெரிந்திருக்கும் அல்லவா?

இந்த வகை எங்கிருந்து வந்தது?

கிறிஸ்தவக் காதல் நாவல் என்றால் ஓர் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பி, தடைகளைத் தாண்டி, மணவாழ்க்கையை அடையும் கதை. அதோடு அவர்களுடைய விசுவாசமும் சோதிக்கப்பட்டு ஒரு நிலைக்கு வர வேண்டும். காதல் கதையிலிருந்து விசுவாசத்தை எடுத்துவிட்டாலும் கதை அப்படியே நிற்கும் என்றால், அது கிறிஸ்தவப் பெயர்கள் சூட்டிய சாதாரணக் காதல் கதை. விசுவாசத்திலிருந்து காதலை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும் என்றால், அது பிரசங்கம். இரண்டும் ஒன்றையொன்று தாங்க வேண்டும்.

அமெரிக்காவில் இது தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் (1865-1947) என்ற அம்மையார் நூறுக்கு மேற்பட்ட நாவல்களை இந்த முறையில் எழுதினார். கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் 1979-இல் வெளியிட்ட 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' என்ற நாவல் இந்த வகைக்குப் பெரிய வாசகர் கூட்டத்தைத் தேடித் தந்தது. மேற்குப் பிரதேசத்துக்குக் குடியேறப் போகும் வழியில் கணவனை இழந்த மார்ட்டி என்ற இளம் பெண், தாயில்லாத மகளை வைத்துக்கொண்டு தவிக்கும் கிளார்க் என்ற விவசாயியை வேறு வழியின்றி மணக்கிறாள். கல்யாணம் முதலில் நடக்கிறது. காதல் மெல்ல மெல்லப் பின்னால் வருகிறது. பெரியோர் நிச்சயித்த கல்யாணங்களைக் கண்டு வளர்ந்த நமக்கு இந்த வரிசை புதிதல்ல. 1991-இல் ஃபிரான்சின் ரிவர்ஸ் எழுதிய 'ரிடீமிங் லவ்', வேதாகமத்து ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிஃபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டு போனது.

நம் நாட்டுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. கல்கத்தாவில் ஹன்னா கேதரின் மல்லன்ஸ் 1852-இல் வங்காள மொழியில் எழுதிய 'புல்மணி ஓ கருணார் பிபரண்', கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிய கதை. நாம் குடியிருக்கும் இந்த மராட்டிய மண்ணில், பாபா பதம்ஜி 1857-இல் எழுதிய 'யமுனா பர்யடன்' மராட்டியின் முதல் நாவலாகக் கருதப்படுகிறது. யமுனா கணவனோடு ஊர் ஊராகச் சென்று விதவைகளின் துயரத்தைக் காண்கிறாள். பிறகு அவளே விதவையாகிறாள். முடிவில் கிறிஸ்தவளாகி மறுமணம் செய்துகொள்கிறாள். தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கக் கிறிஸ்தவர். ஆனால் அவருடைய நாயகி ஞானாம்பாள் இந்துக் குடும்பத்துப் பெண். ஆண் வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆள்கிறாள். ஒழுக்கம் போதிக்க விரும்பிய ஆசிரியர், அதை ஒரு புத்திசாலிப் பெண்ணின் வாயிலாகவும் நகைச்சுவை வாயிலாகவும் செய்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முதல் பாடநூல்: ரூத்

இந்த வகையில் எழுத விரும்புவோர் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை. வேதாகமத்தில் ரூத்தின் புத்தகம் இருக்கிறது. நான்கே அதிகாரங்கள், 85 வசனங்கள். ஒரு மணி நேரத்துக்குள் படித்து முடிக்கலாம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். பெத்லெகேமில் பஞ்சம். எலிமெலேக்கு தன் மனைவி நகோமியோடும் இரண்டு பிள்ளைகளோடும் மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறான். அங்கே அவன் இறந்துவிடுகிறான். பிள்ளைகள் மோவாபியப் பெண்களை மணந்து, அவர்களும் இறந்துவிடுகிறார்கள். மூன்று விதவைகள் மிஞ்சுகிறார்கள். ஊர் திரும்பும் நகோமி, மருமகள்களைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறாள். ஓர்பாள் அழுதுகொண்டே போகிறாள். ரூத் போக மறுத்து மாமியாரோடு வருகிறாள். பெத்லெகேமில் வாற்கோதுமை அறுப்புக் காலம். ரூத் கதிர் பொறுக்கப் போகிறாள். அந்த வயல் போவாஸ் என்பவருடையது. அவர் எலிமெலேக்கின் உறவினர். முடிவில் அவளை மணக்கிறார். அவர்களுடைய மகன் ஓபேத், தாவீது ராஜாவின் பாட்டன்.

இதில் எழுத்தாளர் கற்க வேண்டியவை பல. மூன்றை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பேச்சு. புத்தகத்தில் பாதிக்கு மேல் பாத்திரங்கள் பேசுவதுதான். ரூத் அன்பானவள், போவாஸ் நல்லவர் என்று ஆசிரியர் சான்றிதழ் எழுதித் தருவதில்லை. அவர்கள் பேசுவதையும் செய்வதையும் காட்டிவிட்டு விலகிக்கொள்கிறார்.

இரண்டு, சிறு செயல்கள். போவாஸ் தன் காதலை வாய்விட்டுச் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளை அருகே அழைத்து வறுத்த தானியத்தைக் கொடுக்கிறார். அவள் பொறுக்குவதற்காக அரிக்கட்டுகளிலிருந்து வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்திவிடும்படி வேலையாட்களிடம் சொல்கிறார். அவள் வயிறாரச் சாப்பிட்டு, மீந்ததை மாமியாருக்கு எடுத்துப் போகிறாள். அன்றைக்குப் பொறுக்கிய கதிரைத் தட்டி அளந்தால் ஏறக்குறைய ஓர் எப்பா, நம் கணக்கில் சுமார் 22 லிட்டர். கவிதை எதுவும் இல்லாமல் இந்த அளவே அந்த மனிதரின் மனத்தைச் சொல்லிவிடுகிறது.

மூன்று, உண்மையான தடை. ரூத்தை மணக்கும் உரிமை போவாஸைவிட நெருங்கிய ஓர் உறவினனுக்கு இருக்கிறது. அதனால் போவாஸ் ஊர் வாசலில் பத்து மூப்பரை உட்கார வைத்து, நிலம் மீட்கும் வழக்கை முறைப்படி பேசி, அந்த உறவினன் தன் பாதரட்சையைக் கழற்றிக் கொடுத்த பிறகே மணக்கிறார். பொறாமைக்காரி அத்தையோ, திருடு போன கடிதமோ இங்கே தடையாக வரவில்லை. அந்தச் சமூகத்தின் சட்டமே தடை.

இன்னொன்றும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்; எனக்கே அது வெகு தாமதமாகத்தான் விளங்கியது.

இரண்டு தவறான கதவுகள்

அடுத்த பாடநூல் ஷார்லட் ப்ராண்ட்டி 1847-இல் புனைபெயரில் வெளியிட்ட 'ஜேன் அயர்'. அநாதைப் பெண் ஜேன், ஆசிரியையாக வேலை பார்க்கும் வீட்டின் எஜமானர் ராச்செஸ்டரைக் காதலிக்கிறாள். திருமணத்துக்காக ஆலயத்தில் நிற்கும்போது, அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், சித்தம் கலங்கிய நிலையில் அதே வீட்டின் மேல்மாடியில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறாள் என்ற உண்மை வெளிப்படுகிறது. கல்யாணம் இல்லாமலே தன்னோடு வந்து வாழும்படி அவர் மன்றாடுகிறார். அவள் மறுத்து, கையில் ஏதுமில்லாமல் வெளியேறுகிறாள்.

பிறகு செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்ற போதகர் வருகிறார். இந்தியாவுக்கு மிஷனரியாகப் புறப்படும் அவர், ஜேனுக்கு இந்துஸ்தானி கற்றுக்கொடுத்து, தன்னை மணந்து தன்னோடு வரும்படி கேட்கிறார். அவருக்கு அவள் மேல் காதல் இல்லை. ஊழியத்துக்கு உதவியாக ஒரு மனைவி வேண்டும், அவ்வளவுதான். ஜேன் அதையும் மறுக்கிறாள்.

இந்த இரண்டாவது மறுப்பைத்தான் நம்மில் பலர் எழுதத் துணிய மாட்டோம். முறையில்லாத காதலை நாயகி மறுப்பதை எல்லோரும் எழுதுவார்கள். ஒரு போதகர், தேவனுடைய பெயரால் கேட்டும், காதலில்லாத கல்யாணம் வேண்டாம் என்று நாயகி சொல்வதாக எழுதக் கை நடுங்கும். ஆனால் அது இருப்பதால்தான் முதல் மறுப்புக்கு மதிப்பு வருகிறது. அவள் யார் சொன்னாலும் தலையாட்டும் பெண் அல்லள், மனச்சாட்சிப்படி நடப்பவள் என்று நமக்கு உறுதியாகிறது.

உங்கள் நாவலைத் திட்டமிடும்போது நாயகி முன்னால் இப்படி இரண்டு தவறான கதவுகளை வையுங்கள். ஒன்று பார்த்தவுடனே தவறு என்று தெரிவது. மற்றது பார்ப்பதற்குச் சரிபோலவே இருப்பது.

நான் தோற்ற இடம்

இனி என் கதை. ஓய்வு பெற்றபின் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து, நீள நோட்டுகளில் 300 பக்கத்துக்கு ஒரு நாவல் எழுதினேன். நாயகி கிரேஸ், ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாயகன் சேகர், இந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டேஷன் மாஸ்டர். கிரேஸின் தந்தை கல்யாணத்துக்குச் சம்மதிக்கவில்லை. கண்ணீர், ஜெபம், உபவாசம் எல்லாம் நடக்கிறது. 18-ஆம் அத்தியாயத்தில் சேகர் ஞானஸ்நானம் பெறுகிறான். 19-இல் தந்தை சம்மதிக்கிறார். 20-இல் கல்யாணம், கேக், சுபம்.

முதலில் படித்தவள் என் மனைவி. மத்தியான நேரங்களில் நான்கு நாட்கள் படித்தாள். முடித்துவிட்டு நோட்டுகளை அடுக்கி என் மேஜை மேல் வைத்தாள்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. ரெண்டே ரெண்டு சந்தேகம். இந்தக் கிரேஸுக்கு ஒரு தடவையாவது கோபம் வந்துச்சா? அப்பா மேல, சேகர் மேல, ஆண்டவர் மேல? முந்நூறு பக்கத்துல ஒரு பொண்ணுக்குக் கோபமே வராம இருக்குமா?"

"ரெண்டாவது?"

"பதினெட்டுல சேகர் ஞானஸ்நானம் எடுக்கறான். பத்தொன்பதுல அப்பா சரிங்கறார். அப்ப அவன் யாருக்காக எடுத்தான்?"

நான் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நான் திருநெல்வேலிக் கிறிஸ்தவக் குடும்பம். என் மனைவி மதுரைப் பக்கத்து இந்துக் குடும்பம். 1985-இல் எங்கள் கல்யாணத்துக்கு முன் அவள் ஞானஸ்நானம் பெற்றாள். அவள் தந்தை கல்யாணத்துக்கு வரவில்லை. அதன் பிறகு ஒரு கடிதமும் போட்டதில்லை. கல்யாணமாகி 35 ஆண்டுகளில், "நீ யாருக்காக எடுத்தாய்?" என்று நான் அவளிடம் கேட்டதே கிடையாது. கேட்கப் பயம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று கேட்டேன்.

"உங்களுக்காகத்தான் எடுத்தேன். ஐயர் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்க எழுதிக் கொடுத்ததை ஒப்பிச்சேன். தொண்ணூத்தி நாலுல எங்கப்பா தவறின சேதி கார்டுல வந்துச்சே, பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிஞ்சப்புறம்? நீங்க மழையில பாலத்துக் கரை அரிச்சுப் போச்சுன்னு லைனுக்குப் போயிருந்தீங்க. நாலு நாள் வரலை. பிள்ளைங்க தூங்கினப்புறம் அன்னிக்கு ராத்திரி முழுக்க ஆண்டவர்கிட்ட சண்டை போட்டேன். உன்னாலதானே எங்கப்பா முகத்தைக் கடைசியா ஒரு தடவை பார்க்கக்கூட முடியலைன்னு கேட்டேன். விடியற வரைக்கும் கேட்டேன். அதுதாங்க நான் பண்ணின முதல் ஜெபம். அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் நீங்க சொல்லிக் கொடுத்தது."

அந்த நான்காம் நாள் நான் வீடு திரும்பியது எனக்கு நினைவிருக்கிறது. உடம்பெல்லாம் சேறு. அவள் வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். அப்பா இறந்துவிட்டார் என்று இரண்டு வார்த்தையில் சொன்னாள். நானும் இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னேன். சாப்பிட்டுத் தூங்கிவிட்டேன்.

இதை அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். என் 300 பக்கத்தில் இல்லாத நாவல் அந்த ஒரு ராத்திரியில் இருந்தது என்பதைச் சொல்லவே இது.

ரூத்திடம் நான் கவனிக்காதது

அன்றிரவு ரூத்தின் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். சிறு வயது முதல் எத்தனையோ முறை படித்ததுதான். ரூத் நகோமியின் தேவனைத் தன் தேவனாக ஏற்றுக்கொள்வது முதலாம் அதிகாரத்தில். போவாஸ் அறிமுகமாவது இரண்டாம் அதிகாரத்தில். அவள் முடிவெடுத்தபோது அவளுக்குக் கல்யாண நம்பிக்கை என்பதே இல்லை. எனக்கு இனிப் பிள்ளைகள் இல்லை, என்னோடு வந்தால் உனக்கு ஒரு கணவனும் கிடைக்கமாட்டான் என்று நகோமியே அவளிடம் விளக்கிவிட்டாள். எல்லாம் தெரிந்துதான் வருகிறாள். அதனால் அவளுடைய விசுவாசத்தை எந்த வாசகரும் சந்தேகிக்க முடியாது. பின்னால் வரும் கல்யாணத்தையும் சந்தேகிக்க முடியாது.

கோபமும் அங்கே இருக்கிறது. ஊர் திரும்பிய நகோமியைப் பெண்கள் சூழ்ந்துகொள்ளும்போது, என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் என்று கூப்பிடுங்கள் என்கிறாள். கசப்பு என்று பொருள். நிறைந்தவளாய்ப் போன தன்னைத் தேவன் வெறுமையாகத் திரும்பக் கொண்டுவந்தார் என்று ஊர் நடுவே குற்றம் சாட்டுகிறாள். அவளை யாரும் கண்டிக்கவில்லை. வானத்திலிருந்து குரலும் வரவில்லை. பதில், கதிர் பொறுக்கி வந்த மருமகளின் முந்தானையில் வந்து சேர்கிறது.

என் மனைவியின் இரண்டு கேள்விகளுக்கும் விடை முதலாம் அதிகாரத்திலேயே இருந்திருக்கிறது.

இடைவெளி விடுங்கள்

ஆகவே இந்த வகை நாவலுக்கு நான் கண்ட முதல் விதி: ஞானஸ்நானத்தைக் கல்யாணத்துக்கு டிக்கெட் ஆக்காதீர்கள். நாயகனோ நாயகியோ விசுவாசத்துக்கு வருவதாக எழுதினால், அவர்களுக்குக் கல்யாண நம்பிக்கை அற்றுப்போன நேரத்தில் வரச் செய்யுங்கள். அல்லது கல்யாணத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து வரச் செய்யுங்கள். இரண்டையும் அடுத்தடுத்த அத்தியாயத்தில் வைத்தால் ஒன்றையொன்று கெடுத்துவிடும்.

ஃபிஷ் பிளேட் போட்டு இணைக்கும் பழைய பாதைகளில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விடுவோம். நாக்பூர் மே மாத வெயிலில் இரும்பு நீளும்போது அதற்கு இடம் வேண்டும். விடாமல் நெருக்கிப் போட்டால் பாதை பாம்பு போல் வளைந்துவிடும். என் 18-க்கும் 19-க்கும் நடுவே அந்த இடைவெளி இல்லை.

நம் ஊர் வாசல் வழக்குகள்

போவாஸுக்கு ஊர் வாசல் இருந்ததுபோல் நம் பாத்திரங்களுக்கும் உண்மையான சட்டமும் வழக்கமும் உண்டு. அவற்றைச் சரியாகத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். சில குறிப்புகள்:

1. 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி, மணமக்களில் ஒருவர் மட்டும் கிறிஸ்தவராக இருந்தாலும் அச்சட்டத்தின் கீழ் மணம் நடக்கலாம். ஆனால் பல திருச்சபைகள் இருவரும் ஞானஸ்நானம் பெற்றிருந்தால்தான் ஆலயத்தில் மணம் செய்து வைக்கும். சட்டத்துக்கும் சபைக்கும் நடுவே உள்ள இந்தச் சந்தில் ஒரு முழு நாவலே இருக்கிறது.

2. ஆலயத்தில் கல்யாணத்துக்கு முன் ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று முறை ஓலை வாசிப்பார்கள். தடை இருந்தால் சபையார் சொல்லலாம். அந்த மூன்று வாரமும் மணப்பெண்ணின் மனம் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள்.

3. மதம் மாறாமலே மணக்க விரும்புவோர்க்கு 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் உண்டு. அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிவிப்பை அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டுவார்கள். யார் கண்ணில் முதலில் படுகிறது என்பது உங்கள் கையில்.

4. பட்டியல் சாதி பற்றிய 1950-ஆம் ஆண்டின் ஆணைப்படி, அந்தத் தகுதி இந்துக்களுக்கும், பின்னர் 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் உண்டு, கிறிஸ்தவருக்கு இல்லை. ஆக, அப்படிப்பட்ட ஓர் இளைஞன் ஞானஸ்நானம் பெறும்போது அந்தத் தகுதியையும் அதனால் வரும் உரிமைகளையும் இழக்கிறான். அவன் விசுவாசத்துக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் காட்டாது.

5. சபைக்குள் சாதி. கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று பலிபீடத்தில் கேட்டுவிட்டு, வாசலில் வந்து "பையன் எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்று விசாரிப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். என் தகப்பனாரும் விசாரித்தவர்தான். அதை மறைத்து எழுதும் நாவலை, மற்ற மதத்தார் அல்ல, கிறிஸ்தவர்களே நம்பமாட்டார்கள்.

ஜெபமும் வசனமும் காதல் காட்சியும்

ஜெபத்துக்கு உடனே பதில் வருவதாக எழுதாதீர்கள். இரவு 10 மணிக்கு ஜெபித்து, காலை 10 மணிக்குத் தபால்காரர் நல்ல செய்தி கொண்டுவந்தால் வாசகருக்குத் தபால்காரர் மேல்தான் நம்பிக்கை வரும். பதில் தாமதமாகட்டும், கேட்டது ஒன்று, வந்தது வேறாக இருக்கட்டும், சில நேரம் வராமலே போகட்டும். ஜெபத்தின் வார்த்தைகள் அந்தப் பாத்திரத்தின் பேச்சு மொழியில் இருக்கட்டும். சமையலறையில் நின்று ஜெபிக்கும் பெண், பிரசங்க மேடைத் தமிழில் ஜெபிக்கமாட்டாள்.

வசனங்களை உப்புப்போல் போடுங்கள். என் முதல் பிரதியில் எண்ணிப் பார்த்தால் 61 வசனங்கள் இருந்தன. ஒவ்வொன்றையும் அடித்துவிட்டுப் படித்தேன். மூன்று இடங்களில்தான் கதை குறைபட்டது. அந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

காதல் காட்சியைப் பொறுத்தவரை, இந்த வகையில் படுக்கையறைக் கதவு வாசகருக்கு மூடியே இருக்கும் என்பது மரபு. அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். கதவு மூடியிருந்தாலும் விருப்பம் இல்லாமல் இருக்கக் கூடாது. கீத பவனி போகும் ராத்திரியில் ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவர் டார்ச் வெளிச்சத்தில் பார்த்துப் பாடும்போது, யார் பக்கம் புரட்டுவது என்ற தயக்கம் போதும். போவாஸ் சிந்தவிட்ட கதிரை நினைத்துக்கொள்ளுங்கள்.

வில்லன் வேண்டுமே என்று மறுக்கும் தந்தையை வில்லனாக்காதீர்கள். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. என் மாமனாரை முப்பது ஆண்டுகள் பிடிவாதக்காரர் என்றே நினைத்திருந்தேன். இப்போது அவரை என் நாவலில் எழுத முயலும்போதுதான், மகள் குங்குமம் வைக்காமல் நிற்கும் கல்யாணப் படத்தை அவர் எப்படிப் பார்த்திருப்பார் என்று யோசிக்கிறேன்.

வீட்டுப் பாடம்

அடுத்த கூட்டத்துக்கு வருவோர் கீழ்க்கண்டவற்றை எழுதி வரலாம்.

அ) உங்கள் நாயகி தேவனிடம் கோபப்படும் ஒரு பக்கம். அவள் சமாதானம் ஆவதோடு முடிக்கக் கூடாது.

ஆ) நாயகன் தன் அன்பைச் சொல்லாமல் செய்யும் ஒரு செயல், அரைப் பக்கம்.

இ) மறுக்கும் தந்தையோ தாயோ, தன் பக்கத்து நியாயத்தைத் தானே பேசும் ஒரு பக்கம். வாசகர் சிறிது நேரமாவது அவர் கட்சிக்கு மாற வேண்டும்.

ஈ) நாயகி முன் உள்ள இரண்டு தவறான கதவுகள் எவை என்று இரண்டே வரி.

இந்த நாலையும் எழுதிவிட்டால் நாவலின் நிலப்பரப்பு அளந்து முளை அடித்தாயிற்று. பிறகு 25, 30 அத்தியாயமாகப் பாதை போடுவது உழைப்புதான்.

என் நாவலை இப்போது மூன்றாம் முறையாக எழுதி வருகிறேன். கல்யாணம் 6-ஆம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டது. 18-இல் மழை பெய்கிறது. கிரேஸ் அல்ல, சேகரின் இடத்தில் இப்போது இருக்கும் ஒரு பெண், குவார்ட்டர்ஸில் தனியாக ஒரு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்த அத்தியாயத்தை மட்டும் நான் எழுதவில்லை. என் மனைவி சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன். மூன்று மாதமாக நான்கு பக்கம்தான் ஆகியிருக்கிறது. நேற்று அதிலும் ஒரு பக்கத்தை அடிக்கச் சொல்லிவிட்டாள்.

கேள்வி கேட்ட அந்த இளம் பெண்ணும் மற்ற அன்பர்களும் இரண்டாம் ஞாயிறு மாலை 5 மணிக்குத் தங்கள் தாள்களோடு நூலகத்துக்கு வந்து சேருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எந்த மதத்தவராயினும் வரலாம். தேநீர் உண்டு.